பூட்டனின் நூற்றுப்பத்துத் தப்படி

எங்கள் தாத்தாவின் அப்பா, அதாவது எங்கள் பூட்டன், நல்ல நெட்டையான ஆள் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அண்ணன் வீட்டுக் கூடத்தில் அவர் படம் மாட்டியிருக்கிறது. நாற்காலியில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார், படம் இடுப்போடு முடிந்துவிடும். "ஒரே தாவுல வரப்பைத் தாண்டுவாருடா" என்று அப்பா சொல்லுவார். அப்பாவும் அவரைப் பார்த்ததில்லை. பெருமை பேச வேண்டுமென்றால் செத்தவரைப் பிடித்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்?

நான் பம்பு மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். படித்தது ஐந்தாம் வகுப்பு. பூட்டனின் கதையைத் தோண்ட வேண்டும் என்று எனக்கு ஆசை எதுவும் கிடையாது. அண்ணன் வீட்டுக்கு மேல் மாடி எடுக்க நினைத்தார். அனுமதி கேட்கப் போன இடத்தில் நிலத்தின் பழைய பத்திரமெல்லாம் வேண்டும் என்றார்கள். அந்தத் தகரப் பெட்டி என் பட்டறைப் பரணில் கிடந்தது. "நீயே தேடிக் குடுத்துடு" என்று அண்ணன் வேலையை என் தலையில் கட்டினார்.

பெட்டியின் அடியில், நீளவாக்கில் நூல் போட்டுத் தைத்த ஒரு நோட்டு இருந்தது. பூட்டன் கையெழுத்து. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒயர் சுற்றுகிற ஸ்டூலில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். விதைத்த நாள், மழை பெய்த நாள், எந்த மாடு சினை, எந்த மாடு நொண்டுகிறது, இவ்வளவுதான். கிடேரிக் கன்று பிறந்ததற்கு மூன்று வரி எழுதியிருந்தார். என் தாத்தா பிறந்ததற்கு அரை வரி. "ஆண் குழந்தை. மழை இல்லை." அதைப் படித்துத் தனியாகச் சிரித்தேன்.

பக்கத்துக்கு ஒரு தடவையாவது "தம்பி" வருவான். தம்பி மடை திறந்தான். தம்பி ஏர் பூட்டினான். தம்பி சொல் பேச்சுக் கேட்பதில்லை. பூட்டனுக்கு ஒரு தம்பி இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். எங்கள் வீட்டில் அந்த ஆளைப் பற்றி ஒருத்தரும் வாய் திறந்ததில்லை.

நோட்டின் பாதியில் புதுக் கிணறு வெட்ட ஆரம்பிக்கிறார்கள். பூட்டன், தம்பி, எங்கிருந்தோ வந்த ஒரு கூலியாள், மூன்றே பேர். ஒவ்வொரு நாளும் எத்தனை முழம் ஆழம் போயிற்று என்று மட்டும் குறிப்பு. முப்பதாவது முழத்தில் இப்படி இருந்தது:

"தம்பி இறங்கினான். விளக்கு இறக்கிப் பார்த்துவிட்டு இறங்குகிறேன் என்றான். பயிர் காய்கிறது, இறங்கு என்றேன். கொஞ்ச நேரத்தில் தம்பி சத்தம் இல்லை. தூக்கப் போன கூலியாளும் சத்தம் இல்லை. நான் இறங்க முடியாதவன். பொழுது சாயும் வரை கூப்பிட்டேன்."

கிணற்றுக்குள் கெட்ட காற்று நிற்கும். என் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. அந்தத் தம்பிக்கும் அது தெரிந்திருக்கிறது. "இறங்க முடியாதவன்" என்றதும், ஆள் பெரிய உருவம், கயிறு தாங்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பக்கம்: "மேலே மரம் பரப்பி, பலகைக் கல் போட்டு, மண் மூடினேன். வேலை தேடிப் போய்விட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். தென்மேற்கு மூலைக் கல்லிலிருந்து நேர் கிழக்கே, என் நடையில் நூற்றுப்பத்துத் தப்படி. இதன் மேல் யாரும் எதுவும் கட்ட வேண்டாம்."

அதற்குப் பிறகு "தம்பி" என்ற சொல் நோட்டில் ஒரு இடத்திலும் இல்லை. வருடத்தில் அந்த ஒரு நாள் வந்தால் மட்டும், "இன்று வேலை இல்லை." இருபத்தேழு வருடம், இருபத்தேழு தடவை.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது அண்ணி சொன்ன விஷயம். ஆறு வருடத்துக்கு முன்னால் வீட்டின் பின்பக்கம் இழுத்துக் கட்டிய சமையலறையில், போன மழைக்குப் பிறகு தரையில் ஒரு விரிசல் விழுந்திருந்தது. "கழுவி விடுற தண்ணி வெளிய வரவே மாட்டேங்குது கொழுந்தனாரே. உங்க அண்ணன் மாதிரியே, எவ்வளவு ஊத்துனாலும் எங்க போகுதுன்னே தெரியல" என்று அண்ணி சிரித்தாள். டைல்ஸ் ஒட்டினவன் சரியில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார். அனுமதி வருவதற்கு முன்னாலேயே மாடிக்குத் தளம் போட முட்டுக் கொடுத்துப் பலகை அடித்தாயிற்று. ஜல்லியும் சிமெண்டும் வாசலில் வந்து இறங்கிவிட்டன. வெள்ளிக்கிழமை கான்கிரீட். அன்று செவ்வாய்.

நோட்டை எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் காட்டினேன். படித்தார். முகம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் அவர் கேட்டது வேறு.

"வீட்டுக்கு அடியில இருக்கும்னு சொல்றியா?"

"அளந்து பாத்தா தெரிஞ்சிடும்ணே."

மூலைக் கல் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். "ஆறடி ஆளு நடை. எட்டி வைக்கணும்" என்று சொல்லிவிட்டு, பெரிய பெரிய தப்படியாக வைத்து நடந்தார். நான் பின்னால் எண்ணிக்கொண்டே போனேன். வீட்டைத் தாண்டி, பின் சுவரைத் தாண்டி, நூற்றுப்பத்து முடிந்தபோது அடுத்த தரிசில் முள்ளுக்கு நடுவே நின்றோம். அண்ணன் ஒரு குச்சியை ஒடித்து நட்டார்.

"பாத்தியா? நம்ம வீட்டுக்கும் இதுக்கும் நூறடி இருக்கு. அஞ்சாங் கிளாஸ் படிச்சிட்டு ஆராய்ச்சி வேற. போ, போய் மோட்டாரைப் பாரு."

எனக்கும் மனசு லேசாயிற்று. பொய் சொல்ல மாட்டேன்.

வியாழன் காலை பத்திரங்களையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு பத்திர எழுத்தரிடம் போனேன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி, காதில் செருகிய பென்சில். பழைய எழுத்து அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொன்றாகப் படித்து அடுக்கிக்கொண்டே வந்தவர், ஒரு தாளில் நின்றார்.

"இது உங்க பூட்டன் குடுத்த உறுதிமொழி. தம்பி ஊரை விட்டுப் போயி ஏழு வருஷத்துக்கு மேலாச்சு, திரும்பி வரல, உசுரோட இருக்கானான்னு தெரியல, அதனால நிலம் பூரா தன் பேருக்கே வேணும்னு எழுதிக் குடுத்திருக்காரு."

"அவருக்குத் தெரியும் சார், தம்பி எங்க இருக்கான்னு" என்றேன்.

எழுத்தர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்து மீதியைப் படித்தார்.

"கீழ அங்க அடையாளம் போட்டிருக்கு. நெற்றியில தழும்பு. பிறவியிலயே வலது கால் குட்டை, தடி ஊன்றி நடப்பவர்."

"யாரு?"

"யாருன்னா? எழுதிக் குடுத்த ஆளுதான். உங்க பூட்டன்."

"இல்ல சார், அவரு நல்ல நெட்டை..."

"நெட்டையா இருந்தா என்ன, காலு குட்டைன்னு அரசாங்க முத்திரையோட இருக்கு. உங்க வீட்டுக் கதைக்கு முத்திரை இருக்கா?"

நோட்டில் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது: நான் இறங்க முடியாதவன். அதனால்தான் தம்பியை இறக்கியிருக்கிறார். என் நடையில் நூற்றுப்பத்துத் தப்படி என்று எழுதியவர், பிறவியிலிருந்தே தடி ஊன்றி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தவர்.

அவர் தப்படி எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். கிணறு வெட்டிய அதே வருடம், வேலி போட அளந்திருக்கிறார்: "வடக்கு வரப்பு முழுதும் என் நடையில் இருநூறு தப்படி." எழுத்தரிடம் நிலத்தின் வரைபடத்தைக் காட்டி, வடக்கு வரப்பு நீளம் கேட்டேன். முந்நூற்று நாற்பது அடி என்றார். மோட்டாருக்குச் சுற்று எண்ணுகிறவனுக்கு இந்தக் கணக்கு வராதா? ஒரு தப்படிக்கு ஒன்றே முக்கால் அடிகூட இல்லை. நூற்றுப்பத்துத் தப்படிக்கு நூற்று எண்பத்தேழு அடி.

"என்னய்யா, முகமே செத்துப் போச்சு?" என்றார் எழுத்தர்.

நான் வண்டியை எடுத்தேன்.

போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி இருக்கும். அண்ணன் வீட்டில் கொத்தனார் ஆட்கள் மூன்று பேர் கூரை மேல் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் யாரிடமும் பேசவில்லை. மூலைக் கல்லில் டேப்பை மாட்டி, நேர் கிழக்காக இழுத்துக்கொண்டு நடந்தேன். டேப் நூறடிதான். ஒரு ஆணி அடித்து, மறுபடி இழுத்தேன். பக்கவாட்டுக் கதவு வழியாகக் கூடம், கூடத்திலிருந்து சமையலறை. நூற்று எண்பத்தேழு வந்த இடத்தில் அண்ணியின் கால் இருந்தது. அடுப்பின் முன்னால் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். விரிசல் அங்கிருந்து ஒரு முழம்.

"என்ன கொழுந்தனாரே, எனக்குச் செருப்புத் தைக்கப் போறீங்களா, காலை அளக்குறீங்க?"

"அண்ணி, கத்தியை அப்பிடியே வெச்சிட்டு மெதுவா என் பக்கம் வாங்க."

"அடுப்புல..."

"அடுப்பை நான் பாத்துக்கறேன். வாங்க."

அண்ணி கத்தியை வைத்தாள். சுவரை ஒட்டி நடந்து கூடத்துக்கு வந்தாள். நான் எட்டி அடுப்பை அணைத்துவிட்டு, கூரை மேல் இருந்தவர்களைக் கீழே இறங்கச் சொல்லிக் கத்தினேன். சத்தம் கேட்டு அண்ணன் வந்தார்.

"என்னடா கூத்து இது? நாளைக்கு மிக்சர் மெஷின் வருது. இருபது ஆள் சொல்லியிருக்கேன்."

உறுதிமொழித் தாளைக் கையில் கொடுத்தேன். படித்தார். திரும்பிக் கூடத்தில் மாட்டியிருந்த பூட்டன் படத்தைப் பார்த்தார். "நொண்டியா?" என்றார். கிணற்றைவிட அதுதான் அவரை முதலில் அடித்தது.

"நம்பலன்னா ஓட்டை போட்டுப் பாத்துடலாம்" என்றேன்.

கூடத்து வாசற்படியிலிருந்து சமையலறை முழுதும் எட்டுகிற மாதிரி ஒரு சாரப் பலகையைப் போட்டோம். என் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் கூடத்துத் தூணில் சுற்றி, இரண்டு கொத்தனார் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். பலகை மேல் குப்புறப் படுத்து டிரில்லை வைத்தேன். டைல்ஸ் தெறித்தது. கான்கிரீட் நாலு அங்குலம் இருக்கும். பிறகு டிரில் திடீரென்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கீழே இறங்கிற்று. அடியில் மண் இல்லை. எதுவுமே இல்லை. ஓட்டையிலிருந்து குளிர்ந்த காற்று என் முகத்தில் வந்து மோதிற்று. பல வருடம் பூட்டிக் கிடந்த பானையைத் திறந்த வாடை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நூலில் ஒரு நட்டைக் கட்டி விட்டேன். போய்க்கொண்டே இருந்தது. நாற்பத்திரண்டு அடியில் நின்றது. பலகைக் கல் உடைந்து எப்போதோ உள்ளே போயிருக்கிறது. மரம் மக்கி மண்ணாகியிருக்கிறது. ஆறு வருடமாக அண்ணி நின்று சமைத்தது நாலு அங்குலத்தின் மேல்.

தவழ்ந்து வெளியே வந்தேன். அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அண்ணன் மட்டும் வேகமாகப் பேசினார்.

"சரி, பயப்படாதீங்க. தரையை உடைச்சு, உள்ள என்ன இருக்குன்னு பாத்து, ராத்திரிக்குள்ள கல்லைக் கொட்டி மூடிட்டா நாளைக்கு வேலை நிக்காது. டேய், நீதான் கிணத்துல எல்லாம் இறங்கிப் பழகினவன். கயிறு கட்டித்தான இருக்கு. நீ இறங்கு, நான் பிடிச்சுக்கறேன்."

நான் அண்ணன் முகத்தையே பார்த்தேன். கோபமாகப் பார்க்கவில்லை. நோட்டில் எழுதியிருந்தது அவருக்கும் தெரியும், செவ்வாய்க்கிழமை தன் கண்ணாலேயே படித்தவர். ஒரு கணம் கழித்துத்தான் தான் சொன்னது தன் காதில் விழுந்தது போலிருக்கிறது. வாய் திறந்தபடியே நின்றது. தூணில் சுற்றியிருந்த கயிற்றை அவரே அவிழ்த்து, என் இடுப்பிலிருந்த முடிச்சையும் அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து இழுத்தார்.

பிறகு போனை எடுத்துக் கொத்தனாரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு வேண்டாம்பா. இல்ல, மாடியே வேண்டாம். ஆளுங்களைத் திருப்பி அனுப்பிடு."

அன்று மாலைக்குள் அண்ணனும் அண்ணியும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். போலீசுக்கும் தீயணைப்புக்கும் சொன்னோம். வந்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமை கருவியோடு வருகிறோம், அதுவரை ஒருத்தரும் உள்ளே போகக் கூடாது என்றார்கள். ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். ஏதோ இடி மாதிரி கேட்டதாம், வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லையாம்.

ஓடிப் போய்ப் பார்த்தோம். சமையலறை இல்லை. அடுப்பு, அலமாரி, கூரைக் கம்பி, எல்லாம் உள்ளே. அந்த இடத்தில் வட்டமாக ஒரு வாய். விளிம்பிலிருந்து மண் இன்னும் பிடி பிடியாகச் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. விழுந்த சத்தம் வர நேரமாயிற்று.

அண்ணன் விளிம்பைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தார்.

"அண்ணே, பின்னால வா."

"ரெண்டு பேருடா" என்றார். "ஒருத்தனுக்குப் பேரே தெரியாது. இன்னொருத்தன் பேரு அந்தத் தாள்லயாவது இருக்கா?"

"இருக்கு. வா, சொல்றேன்."

அவர் வந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்த கையை, தெருவுக்கு வரும் வரை விடவில்லை.