அம்மா சிரித்த காட்சி

கிள்ளான் நகரில் அப்பாவின் துணிக்கடை மூடப்பட்டபோது நான் பள்ளியில் நான்காம் படிவத்தில் இருந்தேன், வயது பதினாறு. பங்குதாரர் விலகிக்கொள்ள, முதலில் கடை போனது. பிறகு வீடு ஏலத்துக்குப் போனது. பக்கத்து ஊரான மேருவில் ஒரு அடுக்குமாடியில் வாடகைக்குக் குடியேறினோம். அப்பா யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் அறைக்குள்ளேயே கிடந்தார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

பல வருடங்கள் கழித்து, குடும்பம் நொடித்த அந்தக் காலத்தில் என்னைப் போன்ற ஒரு பள்ளிப் பெண் விவரம் தெரிந்தவளாக மாறுவதைத்தான் என் முதல் படமாக எழுதினேன். எங்கள் கதை என்பதால் இருவரிடமும் சம்மதம் கேட்டேன்.

"எடு. ஆனா என்னைய ரொம்ப நல்லவனா காட்டாத, யாரும் நம்ப மாட்டாங்க" என்றார் அப்பா. எழுதியதை வாங்கிப் படிக்கவில்லை.

அம்மா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த என் வாடகை அறைக்கு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கதை முழுவதையும் படித்தார்.

"என்னைய ஏன் பக்கத்துக்குப் பக்கம் அழ வச்சிருக்கே?"

"அழுதீங்கதானே அம்மா?"

"அழுதேன்லா. ஆனா கடையில நான் உங்கப்பா பொண்டாட்டி, அவ்வளவுதான். பேக்டரியில எனக்குன்னு ஒரு பேரு இருந்துச்சு, கூட்டாளிங்க இருந்தாங்க. காலையில பேக்டரி பஸ்ஸுல ஏறுனா ஒரே சிரிப்புதான். வீட்டு வாசல்ல இறங்குறப்போ மூஞ்சிய மாத்திக்குவேன். உங்கப்பா அப்படிக் கிடக்கிறப்போ நான் எப்படிச் சிரிக்கிறது?"

ஒரே வீட்டில் இருந்தும், அவருடைய அந்தக் காலையை நான் பார்த்ததே இல்லை. அழுகைக் காட்சிகள் பலவற்றை நீக்கிவிட்டு, தொழிற்சாலைப் பேருந்தை எழுதினேன். சீருடையில் பெண்கள், ஜன்னலோரம் வயிறு குலுங்கச் சிரிக்கும் ஒருத்தி.

முதல் திரையிடல் கோலாலம்பூரில். அந்தக் காட்சி வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தேன். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

அவர்களோடு வீட்டுக்குத் திரும்பும் வழியில் கூட்டரசு நெடுஞ்சாலையில் கடும் நெரிசல். காரை ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"பஸ்ஸுல நீ அப்படியா சிரிப்ப?"

"ம்."

நான் பின்னிருக்கையில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"அப்படி என்னதான் பேசுவீங்க?"

அம்மா அவர் பக்கம் திரும்பினார். பிறகு பேருந்தில் சூப்பர்வைசரைப் போல் ஒருத்தி நடந்து காட்டிய கதையை ஆரம்பித்தார். ஷா ஆலம் தாண்டும்வரை அப்பா கேட்டுக்கொண்டே வந்தார்.