குழுவில் போட்ட ரிப்போர்ட்

அன்று மதியம் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு சரிதாவிடமிருந்து இரண்டு படங்கள் வந்தன. சரிதா பாலசமுத்திரம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அங்கே சந்தேகம் கேட்க வேறு டெக்னீஷியன் கிடையாது. அவளைப் போல் தனியாக வேலை செய்கிறவர்களுக்காகத்தான், திருப்பதியில் சீனியர் டெக்னீஷியனாக இருந்த நான் அந்தக் குழுவைத் தொடங்கினேன். காலேஜில் பார்க்காத செல்களைப் பலர் அதில்தான் முதன்முதலில் பார்த்தார்கள்.

முதல் படம், மைக்ராஸ்கோப்பில் போனை வைத்து எடுத்த ரத்த ஸ்மியர், அதாவது கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாகத் தடவிய ரத்தம். காய்ச்சல் விடாத ஒரு பத்து வயதுப் பெண்ணுடையது. "இது இன்னா செல்லுன்னு தெரியல மேடம்" என்று கீழே எழுதியிருந்தாள். நான் டைப் செய்வதற்குள் நான்கைந்து பேர் "பிளாஸ்ட்" என்று எழுதிவிட்டார்கள். ரத்தப் புற்றுநோயில் வருகிற செல் அது.

சரிதாவுக்குப் போன் செய்தேன். "மத்த வேலையெல்லாம் அப்பறம் பாரும்மா. ஸ்லைடை எடுத்துக்கினு போய் டாக்டர்கிட்ட காட்டு."

டாக்டர் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று மட்டும் பெற்றோரிடம் சொல்லி, அப்போதே ஆம்புலன்ஸில் திருப்பதிக்கு அனுப்பினார்.

இரண்டாவது படம், ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுண்டர் மெஷினின் ரிப்போர்ட். அதில் பெண்ணின் பெயரும் ஊரும் இருந்தன. அழிக்கச் சொன்னேன், உடனே அழித்தாள். அதற்குள் யாரோ பார்த்து யாரிடமோ சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் அந்தப் பெண்ணின் அப்பாவை எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் பார்த்தேன். மாந்தோப்பில் வேலை செய்கிறவர். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"வர்ற வழியில மச்சான் போன் பண்ணான் மேடம். ஸ்பீக்கர்ல போட்டுக்கினு இருந்தேன். 'பாப்பாவுக்கு கேன்சராமே'ன்னான். டாக்டரே எங்ககிட்ட அத சொல்லல. பாப்பா கேட்டுக்கினு இருந்தா. 'நைனா, நான் செத்துடுவேனா'ன்னா."

யார் சொன்னது என்று குழுவில் கேட்டேன். எல்லோரும் படித்தார்கள். ஒருவரும் பதில் எழுதவில்லை. ஒரே லேபில் இருந்திருந்தால் முகத்தைப் பார்த்துக் கேட்டிருப்பேன். அந்தக் குழுவில் பாதிப் பேரின் முகமே எனக்குத் தெரியாது.

சரிதா லீவு போட்டுவிட்டு வந்தாள். நான் வரச் சொல்லவில்லை. நேரே அந்தப் பெண்ணின் அப்பாவிடம் போய், "ரிப்போர்ட்டை குரூப்ல போட்டது நான்தாங்கண்ணா" என்றாள்.

"நீ கேட்டதாலதாம்மா சீக்கிரம் வந்து சேந்தோம். இங்க டாக்டரும் அதான் சொன்னாரு. அதுக்கு உன்ன கும்புடணும். ஆனா பாப்பா கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல."

பெண் பிழைத்துக்கொண்டாள். சிகிச்சை இரண்டு வருஷத்துக்கு மேல் நடந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், சொந்த ஊரில் இல்லை. அங்கே பிள்ளைகள் பக்கத்தில் உட்காரவில்லை என்று ரேணிகுண்டாவில் அத்தை வீட்டில் விட்டிருக்கிறார்கள்.

குழுவை மூடிவிடச் சொன்னவர்கள் உண்டு. மூடினால் அடுத்து வருகிறவள் யாரிடம் கேட்பாள்? நடத்துகிறேன். பெயர் தெரிகிற படம் போட்டால், யாராக இருந்தாலும் அன்றே நீக்கிவிடுகிறேன்.

பாடம் நடத்த, எங்கள் லேபில் எடுத்த அந்தப் பெண்ணின் ஸ்லைடைவிடத் தெளிவான ஒன்று என் சர்வீஸில் கிடைத்ததில்லை. பெயர் போடாமல் குழுவில் காட்டலாமா என்று அவள் அப்பாவிடம் கேட்டேன்.

"பேரு இல்லன்னாலும் அது என் பொண்ணு ரத்தம்தானே மேடம். வேணாம்."

யாருக்கும் காட்டவில்லை. படம் எடுப்பதற்கு முன் நாம் கேட்க வேண்டிய ஆள் ஒருவர் லேபுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைத்தான், புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.