சாமிக்கு ஒரு மூலை

ஈசுவர வருஷம் வைகாசி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, என் மாமனார் எருமப்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறிச் சேலத்துக்கு வந்தார். இங்கிலீஷ் கணக்கில் அது 1937 ஜூன் மாதம். செவ்வாய்ப்பேட்டையில் நான் வாடகைக்கு இருந்த மாடியை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். வாசலில் நின்று, உள்ளே கால் வைக்க இடம் தேடினார். கிடைக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டார்:

“ஏனுங்க மாப்பிள்ளை, இது ஊடுங்களா, குடோனுங்களா?”

உண்மையில் அது இரண்டுமாக இருந்தது. இரண்டு அறைகள் கொண்ட அந்த மாடியைக் கீழே குடியிருந்த வெல்ல வியாபாரி பாய் பல வருஷமாகச் சாமான் போட்டு வைக்கப் பயன்படுத்தியிருந்தார். சாமான்களோடு சேர்த்தே எனக்கு வாடகைக்கு விட்டார். அதனால்தான் அந்த வாடகை எனக்குக் கட்டுப்படியாயிற்று. உடைந்த தராசுகள், வெல்லச் சாக்குகள், எழுத்து உதிர்ந்த கடைப் பலகை, ஜட்கா வண்டியின் ஒற்றைச் சக்கரம் எல்லாம் அவருடையவை. மிச்ச இடத்தை அடைத்திருந்தவை என்னுடைய பழைய பத்திரிகைகள். ஏழு வருஷத்துப் பத்திரிகைகளைத் தேதி வரிசைப்படி மாதம் ஒரு கட்டாகக் கட்டி, கூரையைத் தொடும்படி அடுக்கியிருந்தேன். நான் வேலை பார்த்த நூல் மண்டியில் கடிதம் எழுதும் குமாஸ்தாவுக்குத் தேதிதான் சோறு போட்டது. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

மாமனார் கீழே இறங்கும்போது தீர்ப்பைச் சொன்னார். “அம்மிணியும் புள்ளையும் இங்க எப்படிங்க இருப்பாங்க? ஆனி முடியறதுக்குள்ள ஊட்டை ஒழிச்சு வையுங்க, நானே கூட்டிட்டு வாரேன். இப்படியே கெடந்துதுன்னா, வந்த பஸ்ஸுலயே திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன். ஆடியில அனுப்ப மாட்டமுங்க. ஆவணியில பாத்துக்கலாம்.”

என் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. பதினாறாம் நாள் போய் ஒரே ஒரு தடவை அதைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டே இருந்தது. கண் எப்படி இருக்கும் என்று தெரியாமலே திரும்பி வந்துவிட்டேன். ஆவணி என்றால் இன்னும் இரண்டு மாதம். ஆனியில் எனக்குக் கிடைப்பவை நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். அன்று இரவு என் நோட்டில் “ஞாயிறு நான்கு” என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் மனைவியிடமிருந்து கார்டு வந்தது. ஐந்தாவது வரை படித்தவள். பேசுவதுபோலவே எழுதுவாள். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் சாமியைப் பற்றித்தான் இருந்தது. அந்தக் கார்டு இன்னும் என்னிடம் இருப்பதால் அப்படியே தருகிறேன்:

“சாமிக்கு உள் ரூமுல ஒரு மூலை ஒழிச்சு வையுங்க. வெயில் மேல படக்கூடாது, ஆனாக் காத்து வரோணும். எறும்பு அண்டக்கூடாது. உத்தரத்துல கொக்கி ஒண்ணு பலமா இருக்கோணும். செவுரு பாக்கக் குளுகுளுன்னு இருந்தாத் தேவலை. சாமி வந்த பொறவுதான் அது ஊடுங்க.”

கல்யாணமான நாள் முதல் என் வீட்டில் ஒரு சாமி படம்கூட இல்லை என்பது அவள் குறை. நான் கண்டதையும் படித்துவிட்டு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தவன். இப்போது குழந்தையும் பிறந்திருக்கிறது, கேட்கிறாள், செய்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். படித்தவன் அல்லவா, கார்டின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொருளும் கண்டுபிடித்தேன். கொக்கி தொங்கு விளக்குக்கு. காற்று விளக்குப் புகை போவதற்கு. எறும்பு வருவது நைவேத்தியத்துக்கு. வெயில் பட்டால் படத்தின் சாயம் வெளுக்கும். எல்லாம் பொருந்தியது.

முதல் ஞாயிறு ஒழிக்கும் வேலை. பாய் தன் கடை ஆட்கள் இரண்டு பேரை அனுப்பிச் சாக்குகளையும் தராசுகளையும் சக்கரத்தையும் கீழே இறக்கிக்கொண்டார். பத்து மணிக்குள் அவர் பங்கு முடிந்தது. என் பங்கை நான் பிற்பகலில் ஆரம்பித்தேன். முதல் கட்டை அவிழ்த்தேன். அதில் மேட்டூர் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்துச் செய்தி ஒன்று கண்ணில் பட்டது. அதன் தொடர்ச்சி மறுநாள் தாளில் இருக்குமே என்று அதை எடுத்தேன்.

பாயின் மனைவியின் முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. படிக்கட்டின் அடியில் ஒரு கதவு உண்டு. அதன் பின்னாலிருந்துதான் பேசுவார். குரல் மட்டும் மாடி முழுக்கக் கேட்கும்.

“என்னா தம்பி, சத்தத்தையே காணோம். தூங்கிட்டீங்களா?”

“இல்லைங்க அக்கா, பழைய பேப்பர் ஒழிக்கிறேன்.”

“எத்தினி ஒழிச்சீங்க?”

அப்போதுதான் பார்த்தேன். வெளிச்சம் மங்கிவிட்டது. ஒழிந்தது ஒன்றுமில்லை. மூன்று கட்டுகள் அறை முழுக்கப் பரவி, காலையில் இருந்ததைவிட இடம் குறைந்திருந்தது.

“படிச்சுப் படிச்சு ஒழிக்கிறதுன்னா, உங்க பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிரும் தம்பி!”

மூன்று ஞாயிறுதான் மிச்சம். அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். ஏழு வருஷமாக நாளுக்கு ஒரு வரி என் நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். மழை பெய்ததா, நூல் வந்ததா, ஊரில் என்ன பேச்சு என்று அதில் இருக்கிறது. அப்படியானால் பத்திரிகை எதற்கு? மறுநாள் முதல், மண்டிக்குப் போகும்போதும் வரும்போதும் கை கொண்ட மட்டும் கட்டுகளைப் பாயின் கடையில் போட்டு, ஒரே வாரத்தில் அறையைக் காலி செய்தேன். அவிழ்த்தால் படித்துவிடுவேன் என்பதால் அவிழ்க்கவே இல்லை. வெல்லம் மடிக்க ஆறு மாதத்துக்குத் தாள் ஆயிற்று என்று பாய் சொன்னார். கொஞ்ச நாள் கழித்து அரை வீசை வெல்லம் வாங்கினேன். மடித்திருந்த தாளில் என் கையால் நான் குறித்த தேதி இருந்தது. வருத்தமாக இல்லை, சிரிப்புதான் வந்தது.

இரண்டாம் ஞாயிறு வெள்ளையடித்தேன். ஆள் வைக்கக் கையில் பணமில்லை. சுண்ணாம்பை முந்தின நாளே நீர்த்து வடிகட்டி வைத்தேன். சுவர் குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாளே, அதற்காகத் துணிக்குப் போடும் நீலத்தையும் கரைத்து ஊற்றினேன். ஈரத்தில் நிறம் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மாலையில் காய்ந்தது. பாய் மேலே வந்து நான்கு சுவரையும் சுற்றிப் பார்த்தார்.

“தம்பி, குடை எங்க?”

“எதுக்குங்க பாய்?”

“உங்க செவுரு இருக்கிற இருப்புக்கு இப்பவே மழை புடிச்சுக்கும்போல இருக்குதே!”

மறுபடி அடிக்க நேரமில்லை. தரையை ஒட்டி ஒரு முழ உயரத்துக்குக் காவிப் பட்டை தீட்டினேன். மேகத்துக்குக் கீழே செம்மண் நிலம்போல அது ஒருவிதத்தில் அழகாகவே அமைந்தது.

மூன்றாம் ஞாயிறு அலங்காரம். மாம்பழப் பருவம் முடிந்துகொண்டிருந்ததால், ரயிலில் பழம் ஏற்றும் பலகைப் பெட்டிகள் மார்க்கெட்டில் கேட்பாரில்லாமல் கிடந்தன. நாலைந்து சுமந்து வந்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பக்கவாட்டில் வைத்து அலமாரியாக்கினேன். பல வருஷம் எங்கள் துணிகளில் லேசாக மாம்பழ வாசனை அடித்தது. தவறிப்போய் மிச்சமிருந்த ஒரு கட்டுத் தாளை மடித்து, ஓரத்தைக் கத்தரியால் வளைவு வளைவாக வெட்டி, தட்டுகளின் விளிம்பில் தொங்கவிட்டேன். தேதி வரிசை மாறாமல்தான். மண்டிக்கு வந்த ஜலகண்டாபுரத்து நெசவாளி ஒருவர், தறியில் சாயம் தப்பிப்போன மூன்று கஜத் துணியைச் சும்மா கொடுத்தார். பாயின் மனைவி அதை இரண்டாகத் தைத்து, ஜன்னலுக்குத் திரையாக்கிப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

உள் அறை மூலையில் நாலு கால் வைத்துப் பலகை ஒன்று அடித்து, அதன்மேல் இரண்டு சாமி படங்களை வைத்தேன். பலகையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன். வெல்லச் சாக்கு இருந்த வீடு, எறும்புக்கு வழி தெரியும். பிறகு கொக்கி. பித்தளையில் நாசூக்கான ஒன்று வாங்கத்தான் ஆசை. விலை கேட்டுவிட்டுத் திரும்பினேன். பாயிடம் கார்டைப் படித்துக் காட்டிச் சொன்னபோது, கீழே இறக்கிய சாமான்களில் தேடி, பெரிய தராசைத் தொங்கவிடும் இரும்புக் கொக்கி ஒன்றை எடுத்து வந்தார். என் மணிக்கட்டுத் தடிமன். ஏணி போட்டு அவரே உத்தரத்தில் இறக்கினார். கடையில் இரவல் வாங்கிய சின்ன விளக்கை அதில் மாட்டினேன். யானைத் தும்பிக்கையில் எலுமிச்சம்பழம் தொங்குவதுபோல இருந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது. “தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க சாமிக்குக் காத்தெல்லாம் கூடவா வேணும்?”

“கார்டில் எழுதியிருக்கிறாள் அக்கா.”

“இன்னொருவாட்டி படிச்சுப் பாருங்க.”

நான் படித்துப் பார்க்கவில்லை. ஏற்கெனவே பொருள் கண்டுபிடித்துவிட்டேனே. நான்காம் ஞாயிறு தரையைக் கழுவினேன்.

ஆனி மாதம் கடைசி நாள், வியாழக்கிழமை. மண்டியில் லீவு கேட்டுக்கொண்டு காத்திருந்தேன். பதினொரு மணிக்கு மாமனார் கையில் மூட்டையுடன் முன்னே வந்தார். பின்னால் மனைவி, தோளில் குழந்தை. மாமனார் வாசலில் நின்று கால் வைக்க இடம் தேடினார். எங்கே பார்த்தாலும் இடமாக இருந்தது. அலமாரியைப் பார்த்தார், திரையைத் தொட்டார், நீலச் சுவரைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

“பரவாயில்லீங்க. ஊடாட்டம் ஆயிருச்சு.”

மனைவி நேரே உள் அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். பலகை, படங்கள், பூ, விளக்கு எல்லாவற்றையும் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு மற்ற மூன்று மூலைகளையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க, சாமிக்கு எங்கீங்க?”

“இதோ இருக்கிறதே. நீ எழுதின சாமிதான்.”

“ஐயோ, நான் எழுதுன சாமி இதுங்க!” என்று தோளில் இருந்த குழந்தையைத் திருப்பிக் காட்டினாள். “இன்னும் பேரு வெக்கலைங்க, எல்லாரும் சாமி சாமின்னுதான் கூப்புடறோம். தூளி கட்டறதுக்குத்தானுங்க கொக்கி கேட்டேன்!”

மாமனார் ஊர்ப் பக்கத்தில் பெரியவர்களையும் குழந்தைகளையும் சாமி என்றுதான் அழைப்பார்கள். ஆத்தூர்ப் பக்கத்தில் பிறந்த எனக்குச் சாமி என்றால் கோயிலில் இருப்பதுதான். கல்யாணமாகி இரண்டு வருஷம் அந்த வார்த்தையைக் காதால் கேட்டிருக்கிறேன். கார்டில் எழுத்தாகப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

குழந்தை முதல் தடவையாக என்னைப் பார்த்தது. கண் என் மனைவியுடையது.

வெளி அறையிலேயே நின்றிருந்த மாமனாருக்குச் சிரிப்பு வரவில்லை. “வெளையாட்டுப் பேச்சு இருக்கட்டும் அம்மிணி. புள்ளையைத் தரையில போட முடியுமா? தேளு பூரான் எல்லாம் வருமில்ல. சாமி விளக்கு மாட்டற கொக்கியில தூளி கட்டினா உழுந்துரும். மூணு மணி பஸ்ஸு இருக்குது. ஆவணியில பாத்துக்கலாம்” என்று மூட்டையை மறுபடி எடுத்தார்.

கொக்கி எங்கிருந்து வந்தது என்பதே எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. நான்கு ஞாயிறும் கண்முன் வந்தன. மனைவி குழந்தையை இறுக்கிக்கொண்டு, “அப்பா, கொஞ்சம் இருங்க” என்றாள்.

படிக்கட்டுக் கதவு படாரென்று திறந்தது. “அந்தக் கொக்கி என்னான்னு மேல போயிக் காட்டுங்க!” என்று பாயின் மனைவியின் குரலும், தொடர்ந்து பாயின் செருப்புச் சத்தமும் கேட்டன. மேலே வந்த பாய் மாமனாரை உள் அறைக்கு அழைத்து, விளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“பெரியவரே, இது விளக்குக் கொக்கி இல்லை. எங்க அத்தா காலத்துத் தராசுக் கொக்கி. இதுல மூட்டை மூட்டையா வெல்லம் தொங்கியிருக்கு. நம்பலைன்னா பாருங்க.”

இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்துக் காலைத் தூக்கினார். பாய் நல்ல கனத்த ஆள். உத்தரம் முனகக்கூட இல்லை. கொக்கியில் ஆடிக்கொண்டே, “இப்ப என்னா சொல்றீங்க?” என்று கேட்டார். குழந்தை அவரைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது.

மாமனார் மூட்டையைக் கீழே வைத்தார். “இறங்குங்க சாமி, இறங்குங்க. கொக்கி நிக்கும், நீங்க உழுந்துராதீங்க” என்றார். மூட்டையை அவிழ்த்துப் பழைய சேலையை எடுத்து, முடிச்சை அவரே போட்டார். படங்களை வேறு இடத்துக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன். மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். “ரெண்டு சாமியும் ஒண்ணா இருக்கட்டுமுங்க.” தண்ணீர்க் கிண்ணங்களைப் பார்த்துத்தான் அவளுக்கு அதிக சந்தோஷம்.

மாமனார் மூன்று மணி பஸ்ஸைத் தவறவிட்டார். அலமாரி ஓரத்தில் வெட்டித் தொங்கவிட்டிருந்த தாள்களைக் குனிந்து, தேதி வரிசையாகப் படித்துக்கொண்டிருந்ததுதான் காரணம். வளைவாக வெட்டியதில் செய்திகள் பாதிப் பாதியாக நின்றன. “அப்புறம் என்னாச்சுங்க மாப்பிள்ளை?” என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். நான் நோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

மாலையில் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: “தம்பி, சாமிக்குக் காத்து போதுமா?”

“போதும் அக்கா, தூங்கிவிட்டது.”

அன்றைய பக்கத்தில் நோட்டில் இருக்கும் வரி இதுதான்: ஆனி கடைசி, வியாழன். மழை இல்லை. சாமி வந்தது.