தெருமுனையில் நின்ற ராணுவ லாரி

மச்சான் வீட்டுக் கொடியில் கஞ்சி போட்ட சேலைகள் காயும் வாசனை மூக்கில் ஏறியதும் சின்ன வயதில் அம்மாபேட்டையில் நாங்கள் குடியிருந்த தெரு நினைவில் வந்துவிட்டது: காலையில் தெரு நீளத்துக்கும், தறியில் ஏற்றவிருக்கும் பாவு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, சரசரவென்று பிரஷ்ஷால் நீவிக்கொண்டே போவார்கள், அது காயும்வரை பால்காரர் முதல் மாப்பிள்ளை ஊர்வலம் வரை தெருமுனையிலேயே நிற்க, அடியில் தவழ்ந்து போகலாமென்று கண்டுபிடித்த ஒரே புத்திசாலியான நான், பாவு கட்டும் தலையுடைந்த சாய்ந்த கல்தூணில் மோதி நெற்றியில் நாலு தையல் வாங்கினேன். ரோடு அகலமானதில் அந்தத் தெருவே இன்று இல்லை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். திருச்செங்கோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறார். கடைக் காலண்டருக்கென்று ஒரு யுத்த காலப் போட்டோவை அன்று சாயங்காலம் அச்சுக்கு அனுப்பவிருந்தார். செல்போனில் காட்டினார். தெருமுனையில் ராணுவ லாரி, தெரு நடுவே நீளமாக ஒரு வெள்ளைக் கோடு.

“எங்கூர்த் தேர் வீதிங்க மாப்ள. லாரி பஞ்சராகி நிக்குது. அந்தக் கோடு, படத்துல உழுந்த கீறலு.”

ஓரத்தில் தலையுடைந்து சாய்ந்திருந்த கல்தூணைக் கண்டதும் என் கை தானாக நெற்றிக்குப் போனது.

“பஞ்சருமில்ல, கீறலுமில்லைங்க மச்சான். பாவு காயட்டும்னு பட்டாளம் நிக்குது. இது எங்க தெரு. பெருசு பண்ணிப் பாருங்க.”

“சாவி வெச்ச எடமே உங்களுக்கு ஞாபகம் இருக்காதுங்களே” என்றபடி விரலால் விரித்தார். கோடு இழை இழையாகப் பிரிந்தது.

“அட சாமி! நூலுங்க மாப்ள!”

காலண்டரில் போடவிருந்த ஊர்ப் பெயரை அம்மாபேட்டை என்று மாற்றினார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ‘மாப்ள சொன்னதுதான் சரி’ என்றும் அவரே போட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் எழுதியிராத வாக்கியம். காலண்டர் வந்ததும் போட்டோவுக்குக் கீழே அதையும் ஒட்டித்தான் மாட்டப் போகிறேன்.