நசரத்பேட்டையில் நின்ற யானை

பெங்களூர் பஸ் நசரத்பேட்டையில் பஞ்சராகி நிற்கிறது. சாலையோரம் ஒரு யானை. கல்யாண ஊர்வலத்துக்காக ஸ்ரீபெரும்புதூர் வரை நடத்திப் போகிறார் பாகன். யானைக்கு வயது முப்பது என்கிறார்.

புல்கட்டு விற்கும் பெண் யானையைச் சுற்றிப் பார்க்கிறாள். அவளுடைய அப்பா சர்க்கஸில் யானைகளைப் பராமரித்தவராம்.

"காது ஓரம் மடிஞ்சு தொங்குது, கண்ணுக்கு மேல குழி உழுந்துகீது. அறுவதாவது இருக்கும் அண்ணாத்தே. நகத்தாண்ட தொட்டுப் பாரு, நல்லாகீற யானைக்கு அங்க வேர்த்துகினே இருக்கும், இதுக்கு ஈரமே இல்ல. ஒடம்பு சரியில்லாதத வெயில்ல இட்டுகினு போறியே!"

பாகன் குனிந்து நகத்தின் மேல்பக்கம் தடவுகிறார். விரல் காய்ந்தே இருக்கிறது.

"ஊர்வலத்துக்குப் போகல," என்று சொல்லி, யானையின் கழுத்துமணியைக் கழற்றுகிறார்.

அவள் ஒரு புல்கட்டை அவிழ்த்து முன்னால் போடுகிறாள். யானை தும்பிக்கையை நீட்டவில்லை. இருவரும் காத்திருக்கிறார்கள்.