கோவில்பத்தில் ஒரு களிமண் மனை

நெல் விளைகிற ஊரில் போய் விவசாயம் சொல்லிக்கொடுப்பதற்குத் தோல் ரொம்பத் தடிப்பாக இருக்க வேண்டும். நாலு பேருக்கு முன்னால் நின்று பாடம் எடுத்துப் பிழைக்கும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு இது புரியும்.

காரைக்கால் கோவில்பத்து ஓரத்தில் குப்பையும் கருவேலமுமாகக் கிடந்த ஒரு காலி மனையைச் சுத்தம் செய்து, அதில் நகரத் தோட்டப் பயிற்சி. ஆறு மாதம், பன்னிரண்டு பேர். முடித்துச் சான்றிதழ் வாங்கினால் நர்சரிகளில் வேலை கிடைக்கும். மனைக்காரர், "விக்கிற வரைக்கும் வச்சுக்குங்க" என்று வாய்வார்த்தையாகக் கொடுத்திருந்தார். பயிற்சியாளர் நான். நட்டு வளர்த்த அனுபவம்? தாவரவியல் பட்டம் உண்டு.

நாற்பது பைகள்

செடி வளர்க்க நாற்பது பைகள் வாங்கி, மண் நிரப்பி, கத்தரி நாற்று நட்டு, தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனேன். மறுநாள் வந்து பார்த்தால் ஒவ்வொரு பையிலும் தண்ணீர் தளும்புகிறது, கத்தரி நாற்று மிதக்கிறது. அடியில் தண்ணீர் வடிவதற்காக இருந்த ஓட்டைகளையெல்லாம், வரப்பில் நண்டு வளையை அடைப்பதுபோல், யாரோ களிமண் உருட்டி நேர்த்தியாக அடைத்திருந்தார்கள். யாரோ என்ன, பயிற்சிக்கு வந்த அம்பகரத்தூர் மல்லிகா அக்காதான். பிறந்ததிலிருந்து நடவு வயலில் நின்றவர். என்னைப் பார்த்ததும் பரிதாபமாகச் சொன்னார்:

"நாப்பது பையும் ஓட்டை சார். கடைக்காரன் உங்கள நல்லா ஏமாத்திட்டான்."

மீன் பாடம்

மீன் கழிவில் வெல்லம் போட்டு ஊறவைத்து, செடிக்கு ஊட்டமாகத் தெளிக்கும் மீன் அமிலம் தயாரிப்பதை ஒரு நாள் செய்து காட்டினேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை. கோவில்பத்துப் பூனைகள் மொத்தமும் வகுப்புக்கு வந்துவிட்டன. கிளிஞ்சல்மேட்டுச் செல்வம், படகு வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வந்தவர், கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் தூக்கினார்:

"மீனு கெடாம கரைக்குக் கொண்டாரத்தான் நாங்க இவ்வளவு பாடுபடுறோம். நீங்க கெடுக்குறதுக்குக் கிளாஸ் எடுக்குறீங்களே சார்!"

தெருவின் நன்றி

நாலாவது மாதம் தெருவே மாறிவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள் கத்தரிப் பாத்தியைச் சுற்றி நடைப்பயிற்சி போனார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. எதிர்வீட்டுக்காரரிடம், "இப்ப எப்படி இருக்கு சார்?" என்று ஆவலாகக் கேட்டேன். பெருமூச்சு விட்டார்:

"முன்னெல்லாம் நாத்தம் தாங்காம எங்க சம்பந்தி வீட்டுக்காரங்க அரை மணி நேரத்துல கெளம்பிடுவாங்க. இப்ப காத்து நல்லாருக்குன்னு மூணு நாள் தங்குறாங்க."

மனை பார்க்க வந்தவர்

தெரு அழகானால் மனைக்கு மவுசு வராதா? பயிற்சி முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது, மனைக்காரர் ஒருவரைக் காரில் அழைத்துவந்தார். வீடு கட்ட இடம் வேண்டுமாம். பிடித்திருந்தால் அன்றைக்கே முன்பணம், மறுநாளே வேலி. பன்னிரண்டு பேருக்கும் சான்றிதழ் கிடையாது, எனக்கும் வேலை கிடையாது.

வந்தவர் நேராக மல்லிகா அக்காவிடம் போய், "மண்ணு எப்படிம்மா?" என்றார். ஏதாவது குறை சொல்லுங்கள் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அக்காவும் பார்த்தார், அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனாலும் ஒரு பிடி மண்ணை அள்ளிக் காட்டி, மனசாரச் சொன்னார்: "தங்கமான மண்ணு சார். சுத்தக் களி. ஒரு மழை பேஞ்சா பத்து நாளைக்குத் தண்ணி எறங்காது. தெருத் தண்ணி பூரா இங்கதான் வந்து நிக்கும். கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க."

வந்தவர் மனைக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். மனைக்காரர் பின்னாலேயே ஓடினார். அக்கா மட்டும் மண்ணும் கையுமாகத் திகைத்து நின்றார்:

"சர்டிபிகேட்டு போனாலும் போவுதுன்னு உள்ளத உள்ளபடி நல்லாத்தானே சார் சொன்னேன், அவரு ஏன் வேணாம்னு போறாரு?"

அடுத்த மாதம் பன்னிரண்டு பேரும் வாங்கிய சான்றிதழில் பயிற்சியாளர் என்று என் பெயர்தான் போட்டிருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.