பியானோவுக்குள் வைத்த தண்ணீர்

என் தங்கை வீட்டுக்காரர் செபஸ்தியானைப் பாலக்கரையில் எல்லாரும் மகா சாது என்பார்கள். சாதுதான். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

மாதா கோயில் பாதிரிச் சாமியார் ஒருவரிடம் பியானோ கற்றுக்கொண்டு, ரயில்வே துரைமார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தார். அவர்கள் பங்களாக்களுக்குள் இவர் போவது பின்வாசல் வழியாகத்தான். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் ஏலம் விட்ட பியானோவை வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றி வந்து வீட்டில் போட்டார். திருச்சி வெயிலுக்கு அந்த மரம் தாங்குமா? உள்பலகை வெடித்தால் சுருதி போயிற்று. அதனால் துரைமார் வீடுகளில் செய்வதுபோல, மரம் காய்ந்துபோகாமல் ஈரம் காக்க, கோடையில் கீழ்ப்பலகையைக் கழற்றி உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து மூடுவார்.

1937 சித்திரையில் கன்டோன்மெண்டு கிளப்பில் கச்சேரி செய்யக் கூப்பிட்டார்கள். அதுவரை வெள்ளைக்காரர்கள் மட்டுமே வாசித்த மேடை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது எங்கள் தெருவில் குளிர்ஜுரம். சுகாதார இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்து, கொசு முட்டையிடும் என்று தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டச் சொன்னார். பியானோவுக்குள் தண்ணீர் இருக்கும் என்று அவர் எங்கே கண்டார்? நான்தான் சத்தம் போட்டேன்.

"மாப்ள, அந்தக் கிண்ணத்தையும் எடுத்துருங்க. புள்ள பக்கத்துலதான் படுக்குது."

"பலகை வெடிச்சுச்சுன்னா நான் எதுல பழகுறது மச்சான்? தெனம் தண்ணிய மாத்தி வச்சிடுறேன்" என்றார்.

மாற்றவில்லை. வேண்டுமென்று இல்லை, வாசிக்க உட்கார்ந்தால் சோறே மறந்துபோகிறவர். மகள் செசிலி, அப்பா வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே பியானோ ஓரமாகப் பாய் போட்டுத் தூங்குவாள். அவளுக்கு ஜுரம் கண்டது. கொய்னா மாத்திரை கொடுத்தும் கேட்கவில்லை. கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கையில் புதைத்துவிட்டு வந்தோம்.

போகமாட்டார் என்று நினைத்தேன். போனார். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் வாசித்துவிட்டு வந்தார்.

வந்தவரிடம் என் தங்கை கேட்டாள்: "கை தட்டுனாங்களா?"

"தட்டுனாங்க."

அவள் கீழ்ப்பலகையைக் கழற்றி, கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தண்ணீரில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த கோடையில் கிண்ணம் வைக்கவில்லை. பலகை வெடித்தது. சாகும்வரை அந்த வெடித்த பியானோவிலேயே ஊர்ப்பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். எந்தப் பிள்ளையாவது தாகம் என்றால் தங்கைதான் தண்ணீர் கொண்டுவருவாள். குடித்து முடிக்கும்வரை நின்று, டம்ளரைக் கையோடு வாங்கிக்கொண்டு போவாள்.